கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்களின் விலை

இலங்கையின் வரலாற்றில் இரண்டு நாள்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1957 ஜூலை 26 அன்று பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயகாவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெ.ஆர். ஜெயவர்த்தனாவும் மற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரண்டுக்கும் இடைவெளி முப்பது ஆண்டுகளும் மூன்று நாள்களும். முதல் ஒப்பந்தத்துக்கு வேண்டியிருந்தது தாளும் மையும் மட்டுமே. இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர், லட்சக்கணக்கானோர் அகதிகளாகியிருந்தனர், ஓர் அண்டை நாட்டின் ராணுவமே வந்திறங்க வேண்டியிருந்தது. ஆயினும் மாநில அளவிலான ஒரு சபை, அதற்குக் கல்வி, வேளாண்மை, நலவாழ்வு, நிலம் முதலியவற்றில் அதிகாரம் என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றேதான்.

மலிவாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று எப்படி இத்தனை விலையேறியது? பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விட்டு அகன்றதில்லை. இதற்கான விடை பெருமளவுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையில் அடங்கியிருக்கிறது. 'தந்தை செல்வா' என்று ஈழத்தமிழர் அழைத்த செல்வநாயகம்தான் அவர்.

அவர் பிறந்தது இலங்கையில் அன்று. மலாயாவின் ஈப்போ நகரில் 1898 மார்ச் 31 அன்று பிறந்தார். யாழ்ப்பாணத்தின் வறண்ட மண்ணிலிருந்து பிழைப்புத் தேடி மலாயா சென்ற எண்ணற்ற குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பிள்ளைகளின் கல்விக்காகத் தாய் அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பினார். அங்குள்ள யூனியன் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், கொழும்பு பரி. தோமையர் கல்லூரியிலும் பயின்று, இருபது வயதை ஒட்டி லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை வெளிநிலை மாணவராகப் பெற்றார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் படித்தார். சிவில் வழக்குகளில் கொழும்பின் முன்னணி வழக்குரைஞர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். மெலிந்த உடல், தணிந்த குரல். பின்னாளில் நடுக்குவாத நோய் பற்றிக்கொண்டது, செவிப்புலனும் குன்றியது. இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள மக்களுக்கு ஒரு கிறிஸ்துவர் தலைவரானார். மதத்தை முன்வைத்து எதிரணியினர் பரப்புரை செய்தபோதும் மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சொன்ன சொல்லை மாற்றாதவர் என்ற நம்பிக்கையே அவருடைய முதல்; இறுதிவரை அதைக்கொண்டே அவர் அரசியல் நடத்தினார்.

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அவர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1944-இல் ஜி.ஜி. பொன்னம்பலம் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் முன்னணித் தலைவராக இருந்து, 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே விடுதலை பெற்ற நாட்டின் முதல் பெருந்தவறு சட்டமானது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949-இல் வந்த சட்டங்களும் மலையகத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ ஏழு லட்சம் இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியை ஈட்டித் தந்த தேயிலையைப் பறித்த கைகள் அவை. அந்தக் கைகளிலிருந்துதான் வாக்குச் சீட்டு பறிக்கப்பட்டது. தமிழகத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. பங்கு பிரித்தவர்கள் அந்த மக்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்பறையிலும் அமர்ந்திருந்தனர். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசுக் கோப்புகள் அவர்களைக் குறித்தன. அவர்களுடைய பெற்றோரில் பலர் அதற்குமுன் இந்தத் தாயகத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

குடியுரிமைச் சட்டம் யாழ்ப்பாணத்துத் தமிழரைத் தொடவில்லை. ஆகவே, வாளாவிருந்திருக்கலாம். பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகமோ கு. வன்னியசிங்கம், இ.மு.வி. நாகநாதன் ஆகியோருடன் பிரிந்து வெளியேறினார். இன்று மலையகத் தமிழருக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என்று அவர் கணித்தார். 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. கூட்டாட்சியே அதன் கோரிக்கை. பிரிவினையை அக்கட்சி கேட்கவில்லை. ஒரே நாட்டுக்குள் தமிழ் பேசும் பகுதிகளுக்குத் தன்னாட்சி என்பதையே கேட்டது.

கூட்டாட்சி என்ற சொல்லைத் தமிழர் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆக்ஸ்போர்டில் பயின்று திரும்பிய இளம் பண்டாரநாயகா 1926-லேயே, இலங்கைக்கு ஏற்ற ஆட்சிமுறை கூட்டாட்சியே என்று நாளிதழில் தொடர்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துக்கே சென்று பேசினார். அன்று அக்கருத்தைத் தமிழ்த் தலைவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் நூற்றாண்டு கழித்துத் தமிழர் அதைக் கையில் எடுத்தபோது சிங்களத் தலைவர்கள் அதைத் துரோகம் என்றனர்.

மக்களும் உடனே செல்வநாயகத்தின் பக்கம் வந்துவிடவில்லை. 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். தோற்றவரைத் தலைவராக்கியது 1956.

அந்த ஆண்டுத் தேர்தலில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கத்துடன் பண்டாரநாயகா ஆட்சியைப் பிடித்தார். தமிழரசுக் கட்சி பத்து இடங்களில் வென்றது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, பெருந்தொழில் மிகக் குறைவு, நிலம் சிறியது. மிஷன் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வியும் அதனால் கிடைத்த அரசுப் பணியுமே அங்குள்ள நடுத்தரக் குடும்பங்களின் விளைநிலம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டம் உணர்வை மட்டும் புண்படுத்தவில்லை; அந்த விளைநிலத்தின் வேலியையே பிடுங்கியது. மறுபுறம், ஆங்கிலம் அறியாத சிங்களக் கிராம இளைஞனுக்கும் அரசு அலுவலகத்தின் கதவு அதுவரை மூடியே இருந்தது. அவனுடைய ஏக்கமும் நியாயமானதே. வளராத பொருளாதாரத்தில் இருந்த சில நாற்காலிகளுக்காக இரு மொழியினரும் மோதவிடப்பட்டனர்.

1956 ஜூன் 5 அன்று மசோதா அறிமுகமான நாளில், செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் கொழும்பு காலிமுகத்திடலில் அமர்ந்து அறப்போர் செய்தனர். கும்பல் அவர்களைத் தாக்கியது. வன்முறை நகரிலிருந்து கிழக்கே கல்லோயாப் பள்ளத்தாக்குக்குப் பரவியது. அது அரசு அணை கட்டி, காடு திருத்திச் சிங்கள விவசாயிகளைப் பெருமளவில் குடியேற்றிய பகுதி. நிலமற்றோருக்கு நிலம் தருவது நல்ல திட்டமே. ஆனால், ஒரு வட்டாரத்தின் மக்கள் விகிதமும் தேர்தல் கணக்கும் மாறும் வகையில் அதைச் செய்தால் பாசன வாய்க்காலே பகைமை வாய்க்காலாகிவிடும். மொழிக்கு அடுத்தபடியாகக் குடியேற்றத்தைச் செல்வநாயகம் தம் அரசியலின் மையத்தில் வைத்ததற்கு இதுவே காரணம்.

அந்த ஆகஸ்டில் திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு நான்கு கோரிக்கைகளை வகுத்தது. கூட்டாட்சி அரசமைப்பு, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, அரசு நடத்தும் குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகியவை அவை. ஓராண்டுக்குள் நிறைவேறாவிட்டால் நாடு தழுவிய அறப்போர் என்று அறிவித்தது. இந்தச் சூழலில்தான் பண்டாரநாயகா பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்.

1957 ஜூலையில் கையெழுத்தான உடன்பாட்டில் இருவரும் விட்டுக்கொடுத்தனர். கூட்டாட்சியையும் மொழிச் சமத்துவத்தையும் அப்போதைக்கு வலியுறுத்துவதில்லை என்று செல்வநாயகம் ஒப்புக்கொண்டார், அறப்போரைக் கைவிட்டார். சிங்களமே ஆட்சிமொழி என்ற சட்டம் அப்படியே நீடிக்கும். அதற்கு ஈடாகத் தமிழ், தேசியச் சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்படும். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கும். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிராந்திய சபைகள் அமையும். வடக்கு ஒரு பிராந்தியம். கிழக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ. வேளாண்மை, கூட்டுறவு, நிலம், கல்வி, நலவாழ்வு, மீன்பிடி, சாலை, குடிநீர் போன்ற துறைகளின் அதிகாரத்தை நாடாளுமன்றம் அச்சபைகளுக்கு வழங்கும். குடியேற்றத் திட்டங்களில் யாருக்கு நிலம் தருவது என்பதையும் அவையே தேர்வு செய்யும்.

ஒரு பொருளாதார ஆசிரியனாக அந்த ஆவணத்தில் என்னை நிறுத்திய வரி வேறொன்று. பிராந்திய சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் உண்டு. மத்திய அரசு மொத்தத் தொகையாக மானியம் தரும் என்று அது கூறுகிறது. கையில் பணமில்லாத அதிகாரம் வெறும் பெயர்ப்பலகை என்பதை அறிந்தவர்கள் எழுதிய உடன்பாடு அது. நம்முடைய ஊராட்சி அமைப்புகளின் நிதிநிலையை ஆராய்ந்தவர் எவரும் அந்த வரியின் அருமையை உணர்வர்.

எதிர்ப்பு இருபுறமிருந்தும் எழுந்தது. தமிழரின் உரிமையை விற்றுவிட்டதாகத் தமிழ்க் காங்கிரஸ் குற்றம்சாட்டியது. நாட்டைத் துண்டாடிவிட்டதாக ஐக்கிய தேசியக் கட்சி குற்றம்சாட்டியது. அக்கட்சியின் ஜெ.ஆர். ஜெயவர்த்தனா அக்டோபரில் கொழும்பிலிருந்து கண்டிக்கு எதிர்ப்பு நடைப்பயணம் புறப்பட்டார். இம்புல்கொடை என்ற இடத்தில் அது தடுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் மாகாண சபைகளுக்கான உடன்பாட்டில் கையெழுத்திட நேர்ந்தவரும் அதே ஜெயவர்த்தனாதான். அன்று அவர் எதிர்த்ததைவிட அதிகமாகவே இன்னொரு நாட்டின் வற்புறுத்தலில் அவர் தர வேண்டியிருந்தது.

1958 மார்ச் மாதத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தின்மீது தார் பூசினர். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 அன்று புத்த பிக்குகள் பிரதமரின் கொழும்பு இல்லத்தின் முன் அமர்ந்தனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டதாக எழுத்தில் தரும்வரை அவர்கள் எழவில்லை. பண்டாரநாயகா எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதமே இனக்கலவரம் வெடித்தது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. கொழும்பிலிருந்த தமிழர் கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். சொந்த நாட்டின் தலைநகரிலிருந்து சொந்த நாட்டின் மறுமுனைக்குக் கடல்வழியே அகதிகள் போன விந்தை அது. எந்த நிலப்பரப்பு தங்களுக்குப் பாதுகாப்பானது என்பதை அந்தக் கப்பல்களே தமிழருக்குச் சொல்லிக்கொடுத்தன. தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டு, செல்வநாயகமும் தோழர்களும் காவலில் வைக்கப்பட்டனர். அவர்கள் அவையில் இல்லாத வேளையில் தமிழ்மொழிப் பயன்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிமுறைகள் எட்டாண்டுகள் கழித்து 1966-இல்தான் வந்தன. 1959 செப்டம்பரில் பண்டாரநாயகாவை ஒரு பிக்குவே சுட்டுக்கொன்றார்.

ஒரு நல்ல ஒப்பந்தம் ஏன் ஓராண்டுகூட நிலைக்கவில்லை? எந்த ஒப்பந்தமும் நிலைக்க வேண்டுமானால் அதை மீறுபவருக்கு இழப்பு இருக்க வேண்டும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். இலங்கையில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஒப்பந்தத்தைக் காப்பவருக்கே இழப்பு. இரு பெரிய சிங்களக் கட்சிகளில் ஒன்று ஆளும்போது மற்றது ஏலத்தில் கூடுதல் தொகை கேட்பவரைப் போலச் செயல்பட்டது. ஆளுங்கட்சி தமிழருக்கு ஒரு படி கொடுத்தால், நாட்டை விற்றுவிட்டதாகக் கூவி எதிர்க்கட்சி வாக்குகளை அள்ளலாம். ஆட்சி மாறியதும் இருவரும் இடம் மாறிக்கொள்வர். அந்த ஏலத்தைத் தடுக்கும் அரசமைப்புப் பாதுகாப்போ, இரு தரப்புக்கும் பொதுவான நடுவரோ இல்லை. தனிமனிதரின் நாணயத்தை நம்பியே கையெழுத்துகள் இடப்பட்டன.

செல்வநாயகம் தளரவில்லை. 1961 பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணம் கச்சேரி எனப்படும் மாவட்ட ஆட்சியகத்தின் முன் அறப்போர் தொடங்கியது. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. ஆண்களும் பெண்களும் வாயில்களில் அமர்ந்து நிர்வாகத்தை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முடக்கினர். ஏப்ரல் 14 அன்று தமிழரசுக் கட்சி தனி அஞ்சல் சேவையைத் தொடங்கியதும் அரசு நெருக்கடிநிலையை அறிவித்து ராணுவத்தை அனுப்பியது. அறுபத்து மூன்று வயதில், உடல் நலிந்த நிலையில், அவர் பனாகொடை ராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்.

இரண்டாவது வாய்ப்பு 1965-இல் வந்தது. தனிப்பெரும்பான்மை இல்லாத டட்லி சேனநாயகாவுக்குத் தமிழரசுக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. மார்ச் 24 அன்று இருவரும் உடன்பட்டனர். இம்முறை பிராந்திய சபை மாவட்ட சபையாகச் சுருங்கியிருந்தது. நிலப்பங்கீட்டில் முதலில் அந்தந்த மாவட்டத்தின் நிலமற்றோர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், அதன் பின்னரே பிறர் என்று வரிசை வகுக்கப்பட்டது. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் அமைச்சரானார். தமிழர் கட்சி தேசிய அரசில் பங்கேற்று, உள்ளிருந்தே தீர்வு காண முயன்ற காலம் அது. முன்பு ஜெயவர்த்தனா செய்ததை இப்போது சிறிமாவோவின் கட்சியும் இடதுசாரிகளும் செய்தனர். 1968-இல் மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. திருச்செல்வம் பதவி விலகினார்.

இரண்டாவது ஒப்பந்தம் முதலாவதைவிடக் குறைவானது என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பதைக் குறைத்தால் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் செல்வநாயகம் இறங்கி வந்தார். ஆனால், எதிர்த்தவர்கள் அளவைப் பார்த்து எதிர்க்கவில்லை. கொடுப்பதையே எதிர்த்தனர். மிதவாதி இறங்க இறங்க அவர் வீட்டு இளைஞர்களின் பார்வையில் அவர் மதிப்பும் இறங்கியது.

1970-இல் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் சிறிமாவோவின் கூட்டணி வந்தது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் 'தரப்படுத்தல்' என்ற முறை புகுத்தப்பட்டது. மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குத் தமிழ்வழி மாணவர் சிங்களவழி மாணவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியதாயிற்று. 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசமைப்பு, சிறுபான்மையினருக்கு எதிரான பாரபட்சச் சட்டங்களைத் தடுத்த பழைய 29-ஆம் பிரிவை நீக்கியது. சிங்களத்தின் தனியிடத்தை அரசமைப்பிலேயே பதித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. அதை வடித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956-இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய இடதுசாரி. அந்த ஏலத்தின் ஈர்ப்பிலிருந்து மார்க்சியர்களும் தப்பவில்லை.

1972 அக்டோபரில் செல்வநாயகம் தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். இந்த அரசமைப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என்பதை என் தொகுதியில் இடைத்தேர்தல் நடத்திச் சோதித்துப் பாருங்கள் என்று அரசுக்கு அறைகூவல் விடுத்தார். அரசு இரண்டாண்டுகளுக்கு மேல் தேர்தலை நடத்தவில்லை. 1975 பிப்ரவரியில் நடத்தியபோது 16 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வேறுபாட்டில் வென்றார். வாக்குச் சீட்டு வழியே ஓர் இனம் தன் மறுப்பைச் சொல்ல, அதைக் கேட்பதற்குக் கொழும்பில் ஆளில்லை. ஆறு மாதங்கள்கூடக் கழியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா துப்பாக்கிக்கு இரையானார். ஒரே ஆண்டில் யாழ்ப்பாணம் இரண்டு வழிகளையும் கண்டது. எதிர்காலம் இரண்டாவது வழியில் போயிற்று.

1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. தலைமை வகித்தவர், கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கூட்டாட்சியை மட்டுமே கேட்டு வந்த செல்வநாயகம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று அவர் மறைந்தார். தீர்மானத்தின் விளைவுகளைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அவருடைய அரசியலில் குறைகளே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கொழும்பின் அறைகளில் தலைவரோடு தலைவர் பேசி முடித்தால் போதும் என்று அவர் நம்பினார். தெற்கின் சாதாரணச் சிங்களவரிடம் சென்று, கூட்டாட்சி என்பது பிரிவினையன்று என்று விளக்கும் பெருமுயற்சி நடைபெறவே இல்லை. தமிழ் பேசும் மக்கள் என்ற குடையின்கீழ் முஸ்லிம்களையும் அவர் அழைத்தார். ஆயினும் கிழக்கு முஸ்லிம்களின் தனித்த அச்சங்களுக்கு அந்தக் குடையில் போதிய இடமில்லை. யாருக்காகத் தம் பழைய கட்சியை விட்டு வெளியேறினாரோ, அந்த மலையகத் தமிழரின் குடியுரிமை 1957 ஒப்பந்தத்தில் பின்னர்ப் பரிசீலிக்கப்படும் பொருளாகவே நின்றது. தனிநாட்டுத் தீர்மானமோ அவர்களின் வாழ்நிலைக்குப் பொருந்தவே இல்லை.

1983 ஜூலைக் கொடுமைகளுக்குப் பிறகு தமிழக வீதிகளில் நடந்த ஊர்வலங்களில் மாணவனாக நானும் நடந்திருக்கிறேன். அங்கே ஒலித்த பெயர்களில் செல்வநாயகத்தின் பெயர் அரிதாகவே கேட்டது. ஆறே ஆண்டுகளில் அவர் ஒரு பழைய காலத்தின் மனிதராகிவிட்டார். அவருடைய அரசியல் வாரிசான அ. அமிர்தலிங்கம் 1989-இல் கொழும்பில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார். சிங்களப் பேரினவாதம் மிதவாதத்தைத் தோற்கடித்தது. தமிழ்த் துப்பாக்கி அதைப் புதைத்தது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது 80,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டிருந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. விடுதலை பெற்றபோது எழுத்தறிவிலும் நலவாழ்விலும் ஆசியாவின் முன்வரிசையில் இருந்த நாடு, கால் நூற்றாண்டுக்கு மேல் தன் செல்வத்தைத் தன்னையே சுடுவதற்குச் செலவிட்டது.

1987 உடன்பாட்டின் வழியே வந்த 13-ஆவது அரசமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. மாகாண சபைகளை அமைத்தது. வடக்கு மாகாணத்துக்கெனத் தனியே முதல் தேர்தல் நடந்தது 2013-இல்தான். அந்தச் சபையின் பதவிக்காலம் 2018-இல் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. நிலமும் காவல்துறையும் சட்டப் புத்தகத்தில் மாகாணத்துக்கு, நடைமுறையில் கொழும்புக்கு. போர் ஓய்ந்துவிட்டது என்பதனால் பழைய கடன் தள்ளுபடியாகிவிடவில்லை.

இலங்கைக்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. மிதவாதியின் கோரிக்கை எப்போதும் மிகக் குறைந்த விலையுடையது. அது மலிவாக இருப்பதாலேயே ஆள்வோர் அதை அவசரமற்றதாகக் கருதி ஒத்திவைக்கின்றனர். கொடுத்த வாக்கை மீறும்போது அன்றைய தேர்தலில் லாபம் கிடைக்கிறது. கணக்கைத் தீர்ப்பது அடுத்த தலைமுறை. பன்மொழி, பல்சமய நாடு ஒவ்வொன்றும், நம் நாடும் உட்பட, மாநிலங்களுக்கும் சிறுபான்மையினருக்கும் அளித்த உறுதிமொழிகளை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

யாழ்ப்பாணம் பொதுநூலகத்துக்கு அருகே செல்வநாயகத்துக்கு உயர்ந்த நினைவுத்தூண் எழுப்பப்பட்டிருக்கிறது. அந்த நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. நூல்களை மறுபடியும் வாங்கி அடுக்கலாம். நம்பிக்கையை அப்படி வாங்க முடியாது. கொடுத்த வாக்கைக் காத்துக் காத்துத்தான் அதைச் சேர்க்க வேண்டும். இலங்கையை ஆள்வோர் அந்தப் பணியை மாகாண சபைத் தேர்தலிலிருந்தே தொடங்கலாம். 1957-இல் எழுதிய விலைக்கு இனி அது கிடைக்காது. ஆனால், நாளைய விலையைவிட இன்றைய விலை குறைவாகவே இருக்கும்.